குங்குமம் ஓடாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பூசணிக்காயை உடைத்தது நான்தான்.

அன்றைக்கு எங்கள் தெருவில் நாலு கடை வாசலில் நாலு பூசணிக்காய் உடைந்து கிடந்தது. எது யாருடையது என்று எவனாலும் சொல்ல முடியாது என்று பிறகு டீக்கடைக்காரர் என் காதில் வந்து சொன்னார். ஆறுதலாம். எனக்குத் தெரியாதா? என் கடைக்கு நேர் எதிரே, தெருவின் நடுவில், இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, இருக்கிற பலத்தை எல்லாம் கொடுத்துப் போட்டு உடைத்தேன். எவ்வளவு தூரம் சிதறுகிறதோ அவ்வளவு நல்லது என்று நம்புகிற கூட்டத்தில் நானும் ஒருத்தன். நன்றாகத்தான் சிதறியது.

மயிலாப்பூரில், லஸ் பக்கத்துச் சந்து ஒன்றில் டூ வீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். ஆயுத பூஜை எங்களுக்குப் பெரிய நாள். முதல் நாளே ஸ்பேனர்களை எல்லாம் டீசலில் ஊறவைத்துத் துடைத்து, காலையில் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, வாடிக்கையாளர்களின் வண்டிகளைக் கழுவி வரிசையாக நிறுத்தி மாலை போடுவோம். கடைசியில் பூசணிக்காய். மேலே ஓட்டை போட்டு, உள்ளே குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, ரெண்டு மூணு சில்லறைக் காசு போட்டு, மேலே கற்பூரம் ஏற்றி, கடையை மூன்று சுற்றுச் சுற்றி, தெருவில் போட்டு உடைக்க வேண்டும். உடைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட வேண்டும். பார்த்தால் போன கண் திரும்பி வந்துவிடுமாம்.

திரும்பிப் பார்க்கக் கூடாது. இந்த ஊரில் எவன் கண்டுபிடித்த வழக்கமோ தெரியவில்லை, எங்களுக்குத் தோதாக இருக்கிறது. தெருவில் வழுக்குகிற குப்பையைப் போட்டுவிட்டு, சாமி பேரைச் சொல்லி முதுகைக் காட்டிக்கொண்டு போகலாம். ரோட்டில் உடைக்காதீர்கள் என்று போலீஸ் வருஷா வருஷம் சொல்கிறது. நாங்களும் வருஷா வருஷம் உடைக்கிறோம்.

நான் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். பொரியை அள்ளி வாயில் போட்டேன். மணி பதினொன்றரை இருக்கும்.

சத்தம் கேட்டது. பிரேக் சத்தம் இல்லை. பிரேக் போட்டிருந்தால் கிறீச்சிடும். இது சர்ரென்று ஒரு இழுப்பு, பிறகு தகரம் அடிபடும் சத்தம். வாசலுக்கு வந்து பார்த்தால் ஒரு ஸ்கூட்டி படுத்துக் கிடக்கிறது, சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை ஓட்டிவந்த பெண் நான் வாசலில் நிறுத்தியிருந்த பஞ்சர் போர்டின் மேல் போய் மோதி, அதோடு சேர்ந்து சாய்ந்து கிடந்தாள். நாற்பது வயதிருக்கும். அரக்குக் கலர் சுடிதார். உடம்பெல்லாம் பூசணிச் சதை, விதை, குங்குமத் தண்ணீர்.

அவளைப் பார்த்ததும் என் வாயிலிருந்து முதலில் வந்தது என்ன என்று பிறகு சொல்கிறேன். இப்போது சொல்ல வாய் வரவில்லை.

டீக்கடைக்காரர் ஓடிவந்தார். அவரோடு ஆட்டோக்காரன் ஒருத்தன், என் சிநேகிதன், இருபது வருஷப் பழக்கம். அவன் வண்டியைக் காலையில் என் கடையில்தான் கழுவினான். ரெண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, புது சீட் கவர் போட்டு, சந்தனம் பூசி, மாப்பிள்ளை மாதிரி எதிரே நிறுத்தியிருந்தான்.

மூன்று பேரும் அவளைத் தூக்கினோம். ஒருத்தி விழுந்தால் தூக்கி உட்காரவைக்க வேண்டும், சோடா கொடுக்க வேண்டும், முகத்தில் தண்ணீர் அடிக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தோம். உள்ளங்கை தேய்ந்து தோல் உரிந்திருந்தது. பூசணிக்காய்க்குள் போட்ட காசு ஒன்று அந்தக் கையில் ஒட்டியிருந்தது. டீக்கடைக்காரர் அதைத் தட்டிவிட்டார்.

"ஒண்ணியும் இல்லம்மா. கைல லேசா சிராய்ப்பு. சோடா குடி."

"கால் ஈரமா இருக்கு" என்றாள்.

"பூசணித் தண்ணிம்மா" என்றேன் நான்.

"சூடா இருக்கு."

"ரோடு வெயில்ல காஞ்சிக்கினு கீது, தண்ணி சூடா தான் இருக்கும்" என்று ஆட்டோக்காரன் சிரித்தான். "திருஷ்டி எல்லாம் உன்னாண்ட வந்துட்ச்சு போ."

நானும் சிரித்தேன். அவள் மறுபடி கால் ஈரமாக இருக்கிறது என்றாள். நான் மறுபடி பூசணித் தண்ணி என்றேன். நான் குனிந்து வண்டியைத்தான் பார்த்தேன். மெக்கானிக் புத்தி. ஹேண்டில் கோணியிருக்கிறதா, ஃபுட்ரெஸ்ட் உடைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை அவள் சொன்னது ஈனஸ்வரத்தில் கேட்டது. "அண்ணா, ரொம்ப ஈரமா இருக்கு." நிமிராமலே அதையே மூன்றாம் தடவையும் சொன்னேன்.

அப்போதுதான் என் செருப்புக்குப் பக்கத்தில் ஏதோ நகர்ந்தது.

நாற்காலிக்குக் கீழே இருந்து சிமெண்ட் சரிவில் சிவப்பாக ஒரு கோடு சாக்கடைப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. குங்குமத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கொட்டிய இடத்தில் தேங்கும், ஓரத்தில் திட்டுத் திட்டாகப் படியும், காய்ந்தால் பொடியாக நிற்கும். பூசணிக்காய் உடைத்துக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. அது எப்போதோ நின்றுபோயிருக்க வேண்டும். இது ஓடியது. கெட்டியாக, பளபளவென்று, நிற்காமல்.

"டேய், ரத்தம்டா" என்று கத்தினேன்.

அவள் தலை தொங்கியது. சோடா பாட்டில் கையிலிருந்து நழுவி உடைந்தது.

அரக்குக் கலர் துணியில் ரத்தம் தெரியாது. பேண்ட்டைக் கத்தரியால் கிழித்தேன். இடது கால் ஆடுசதையில், உள்பக்கமாக, ஒரு ஜாண் நீளத்துக்குப் பிளந்திருந்தது. உள்ளேயிருந்து துடித்துத் துடித்து வந்தது. அது எதனால் கிழிந்தது என்று ஒரு நொடியில் புரிந்துவிட்டது. என் பஞ்சர் போர்டு. பழைய டின்னை வெட்டி நானே அடித்த தகரம். ஓரத்தை மடிக்கவில்லை. மடிக்க வேண்டும் என்று ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ரெண்டு மூணு பேர் கையைக் கிழித்துக்கொண்டு என்னைத் திட்டியும் இருக்கிறார்கள். "பாத்துப் போப்பா" என்று அவர்களுக்குப் புத்தி சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

கையில் அகப்பட்டது வேஸ்ட் துணி, கிரீஸ் துடைக்கிற பனியன் துண்டு. அதை வைக்கப் போனேன். மேலேயிருந்து ஒரு குரல்.

"ஏம்ப்பா மெக்கானிக்! அந்த அழுக்குத் துணிய வெக்காதே! இரு!"

கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கும் மாமி. சரஸ்வதி பூஜைக்காக மடியாக உலர்த்தி வைத்திருந்த வேஷ்டி ரெண்டை பால்கனியிலிருந்து அப்படியே தூக்கிப் போட்டாள். என் வாழ்நாளில் அந்த மாமியை எனக்குப் பிடித்ததே இல்லை. வண்டி புகை மேலே வருகிறது என்று தினமும் சண்டை. அன்றைக்கு அந்த வேஷ்டியில் மஞ்சள் வாசனையும் வெயில் வாசனையும் அடித்தது இன்னும் மூக்கில் இருக்கிறது.

மடித்து வைத்து அமுக்கினேன். டீக்கடைக்காரர் கடைக்கு ஓடிப்போய்க் கை நிறைய எதையோ அள்ளிக்கொண்டு வந்தார்.

"துணிய எடு நைனா, காப்பித்தூள் வெச்சு அமுக்கு. டக்குனு நின்னுடும். எங்கப்பாக்கு விரல் துண்டான அன்னிக்கு இத்த தான் வெச்சோம்."

"உங்கப்பா விரல் எங்க இப்போ?"

"அது... பூட்ச்சு."

"தூர வெய்யி அந்தத் தூள."

இதைப் புத்திசாலித்தனத்தில் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். கோபத்தில் சொன்னேன். யார் எதைச் சொன்னாலும் அடிக்க வேண்டும் போலிருந்தது. அதற்குள் மாமி மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். கையில் செல்போன், ஆம்புலன்ஸுக்குப் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். அந்தப் பக்கம் ஒரு பெண் பேசினாள். ரொம்பச் சின்னக் குரல். ஆனால் பதற்றமே இல்லை.

"சார், அவங்க உட்கார்ந்திருக்காங்களா, படுத்திருக்காங்களா?"

"சேர்ல கீறாங்க."

"படுக்க வைங்க. இப்பவே. தரையில. கால மட்டும் உயரமா வைங்க."

படுக்கவைத்தோம். ரெண்டு டயரை அடுக்கிக் காலை அதன் மேல் தூக்கிவைத்தேன்.

"குடிக்க எதுவும் குடுக்காதீங்க."

சோடா குடித்தாகிவிட்டது.

"ரெண்டு கையாலயும் அமுக்குங்க சார். உங்க உடம்பு வெயிட்ட அதுல போடுங்க. அவங்க வலிக்குதுன்னு சொன்னாலும் விடாதீங்க. துணிய எடுத்துப் பாக்காதீங்க. நனஞ்சா அதுமேல இன்னொரு துணி வைங்க. எடுக்கவே கூடாது."

அமுக்கினேன். முட்டி போட்டு, கைகளை நேராக நீட்டி, ஜாக்கி ஏற்றுகிற மாதிரி முழு வெயிட்டும் கொடுத்தேன். அவள் அலறினாள். கையை லேசாக்கப் போனேன். "விடாதீங்க சார்" என்றது போன். எப்படித்தான் தெரிந்ததோ.

ரெண்டு நிமிஷம். மூணு நிமிஷம். வெயில் மண்டையைப் பிளந்தது. கூட்டம் கூடிவிட்டது. பத்துப் பதினைந்து செல்போன் எங்களை நோக்கி நீண்டிருந்தது. ஒருத்தனுக்கும் ஒரு குடை பிடிக்கத் தோன்றவில்லை. நான் அவர்களைத் திட்டிய வார்த்தைகளை எழுதினால் இந்தப் பக்கத்தை எவரும் அச்சில் போட மாட்டார்கள்.

"நின்னுடுத்தான்னு ஒரு தரம் பாரேன்" என்றாள் மாமி.

"ஆமா நைனா, தூக்கிப் பாரு, நின்னுருக்கும்" என்றார் டீக்கடைக்காரர்.

"எடுக்கக் கூடாதுன்னு சொல்லிக்கினு கீதே அந்தப் பொண்ணு."

"லேசா ஒரு ஓரத்த மட்டும். எனக்கு மனசு அடிச்சுக்கறது. நின்னுடுத்துன்னா ஏன் இப்படி அமுக்கிண்டு அவளக் கஷ்டப்படுத்தணும்?"

எனக்கும் பார்க்க வேண்டும் போலத்தான் இருந்தது. அதுதான் உண்மை. அமுக்கிக்கொண்டே இருப்பது மாதிரி கொடுமை எதுவும் இல்லை. நின்றதா இல்லையா தெரியாமல், கைக்குக் கீழே வெதுவெதுப்பாக எதுவோ கசிய, சும்மா அமுக்க வேண்டும். ஓரத்தைத் தூக்கினேன்.

உள்ளே உறைந்து ஜெல்லி மாதிரி இருந்த ரத்தம் துணியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உடனே பீறிட்டது. என் முகத்தில் அடித்தது. அவள் ஒரு சத்தமும் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. முகம் மெழுகு மாதிரி ஆகிவிட்டது.

"எடுத்தீங்களா?" என்றது போன்.

"ஆமா."

"மூணு நிமிஷம் கஷ்டப்பட்டு நிறுத்துனத திறந்து விட்டுட்டீங்க. மறுபடி மொதல்லேந்து ஆரம்பிங்க. இனிமே யாரு சொன்னாலும் எடுக்காதீங்க."

அந்தச் சின்னப் பெண் என்னை வாத்தியார் மாதிரி திட்டியதில் எனக்குக் கோபம் வரவில்லை. பக்கத்தில் நின்ற ரெண்டு பேர் மேல் வந்தது. மாமி அழுதுகொண்டிருந்தாள். ரெண்டாவது வேஷ்டியை எடுத்து முதலாவதன் மேலேயே வைத்து மறுபடி அமுக்கினேன்.

"ஆம்புலன்ஸ் எங்கம்மா வருது?"

"கிளம்பிருச்சு சார். லஸ் கார்னர்ல நிக்குது. சாமி வண்டி, லாரி எல்லாம் அலங்காரம் பண்ணி ரோட்ட மறிச்சு நிக்குதாம். கொஞ்சம் ஆகும்."

ஆட்டோக்காரனைப் பார்த்தேன். அவன் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றிருந்தான்.

"மச்சி, வண்டிய எடு. பெரியாஸ்பத்திரிக்குப் போய்டலாம். நான் அமுக்கிக்கினே வரேன்."

அவன் அசையவில்லை.

"இன்னாடா?"

"மச்சி... இப்ப தான் பூஜ போட்ட வண்டி. இன்னிக்குனு பாத்து ரத்தம் படக்கூடாது மச்சி. வருஷம் முச்சூடும் அதே தான் நடக்கும். நாளைக்குன்னா நானே எடுப்பேன்."

"நாளைக்கு எதுக்குடா? பொணம் தூக்கவா?"

"வாய வெச்சுக்கினு சும்மா கெட. போலீஸ் கேசு வேற ஆவும்."

கை ரெண்டும் அவள் காலில் இருந்தது. இல்லாவிட்டால் அன்றைக்கு அவனை ஏதாவது செய்திருப்பேன். வாய் மட்டும்தான் காலியாக இருந்தது. வாழைக்கன்று, புது சீட் கவர், அவன் பெண்டாட்டி, அவன் அம்மா, இருபது வருஷப் பழக்கம், ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவன் கடைசியில் ஒன்று சொன்னான்.

"என்ன ஏண்டா கத்தறே? பூசணிக்கா யாரு ஒடச்சுது? போர்டு யாருது?"



கீழே பார்த்தேன். அவள் கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்தாள். கேட்டுவிட்டாள்.

"சார், லைன்ல இருக்கீங்களா? நனையுதா?" என்றது போன்.

"நனையுது. கை மரத்துப்போச்சு. முன்ன மாதிரி அமுக்க முடியல."

"துணிக்கு மேல இறுக்கிக் கட்டுற மாதிரி அகலமா ஏதாவது இருக்கா? கயிறு வேணாம், கம்பி வேணாம்."

டியூப் இருந்தது. மெக்கானிக் கடையில் எது இல்லாவிட்டாலும் பழைய டியூப் இருக்கும். நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து வைத்திருப்போம். சைலன்சரைக் கட்ட, கழன்ற ஃபெண்டரைக் கட்ட, பெட்டி கட்ட, எல்லாவற்றுக்கும் அதுதான். டீக்கடைக்காரரிடம் வேஷ்டியை அமுக்கச் சொல்லிவிட்டு, புதிதாகக் கிழித்ததில் சுத்தமானதாக ஒன்றை எடுத்தேன். ஹேண்டிலுக்குச் சுற்றுவது போல, இழுத்துப் பிடித்து, ஒரு சுற்றின் பாதி மேல் அடுத்த சுற்று ஏறுகிற மாதிரி, துணியின் மேல் சுற்றிக்கொண்டே வந்தேன். இந்த ஒரு வேலை எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். டீக்கடைக்காரர் ஒவ்வொரு சுற்றுக்கும் கையை நகர்த்திக்கொண்டே வந்தார். காப்பித்தூள் ஒட்டிய கை. அவரும் அழுதுகொண்டிருந்தார், மூக்கைத் துடைக்கக் கை இல்லை.

"கால் விரல் எப்படி இருக்கு? தொட்டா தெரியுதான்னு கேளுங்க."

கட்டை விரலைக் கிள்ளினேன். "தெரியுதாம்மா?"

"கட்ட வெரல் தெரியுது" என்றாள். கொஞ்சம் கழித்து, "அடிப்பாதம் தெரியல" என்றாள்.

"பேசிக்கிட்டே இருங்க அவங்க கிட்ட. போர்வை ஏதாவது போத்துங்க."

மாமி தோளில் போட்டிருந்த மேல்துண்டை எடுத்துப் போர்த்தினாள். தலைமாட்டில், தெருவில், அந்தப் பூசணிச் சகதியில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டாள். மடி எங்கே போனதோ.

"எங்க ஆம் உனக்கு?"

"சாந்தோம். சர்ச்சுக்குப் பின்னாடி."

"என்ன பண்றே?"

"டீச்சர். அஞ்சாங்கிளாஸ்."

"நாளெல்லாம் நின்னுண்டே இருக்கணுமே."

"ஆமா மாமி. நின்னுகிட்டே தான்."

"ஆத்துல யாரு?"

"அம்மா மட்டும். மருந்து வாங்க வந்தேன். டிக்கியில இருக்கு. ஒரு மணிக்கு மாத்திர குடுக்கணும்." அதைச் சொல்லும்போதுதான் அழுதாள். கால் பிளந்து கிடக்கையில் அழாதவள் மாத்திரைக்கு அழுதாள்.

ஆம்புலன்ஸ் வந்தபோது மணி பன்னிரண்டே கால். இறங்கிய ஆள் டியூப் கட்டைத் தொட்டுப் பார்த்தான். பிரிக்கவில்லை. அதன் மேலேயே இன்னொரு கட்டுப் போட்டு ஏற்றினான். நானும் ஏறிக்கொண்டேன். அம்மாவின் மருந்தைக் கொண்டுபோய்க் கொடுக்க சாந்தோமுக்கு டீக்கடைக்காரர் போனார், ஆட்டோவில்தான். ஆமாம், அதே ஆட்டோ. ரத்தம் இல்லையென்றால் அவனுக்குப் பிரச்சினை இல்லை.

ஆஸ்பத்திரியில் கான்ஸ்டபிள் ஒருவர் நோட்டுடன் வந்தார்.

"எப்படிய்யா விழுந்தாங்க?"

"வண்டி ஸ்லிப் ஆயிடுச்சு சார்."

"எதுல?"

"ரோட்ல... ஏதோ கெடந்துச்சு சார்."

ஏதோ கிடந்தது. அதே வாயால்தான் அரை மணி நேரத்துக்கு முன் ஆட்டோக்காரனைப் பரம்பரைக்கும் திட்டியிருந்தேன். ஸ்ட்ரெச்சரில் அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிழைத்துக்கொண்டாள். மூன்று மணி நேர ஆபரேஷன். நரம்பு ஒன்று அறுந்துபோயிருந்தது, தைத்தார்கள், வருமா வராதா போகப் போகத்தான் தெரியும் என்றார்கள்.

ரெண்டு மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. போர்டின் ஓரத்தை அன்று சாயங்காலமே மடித்துவிட்டேன். சுத்தியலால் நாலு அடி. ரெண்டு நிமிஷ வேலை. ஆறு வருஷம் தள்ளிப்போட்டது இதைத்தான். அடித்து முடித்ததும் போர்டையே பிடுங்கிக் காயலான் கடையில் போட்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து ஆட்கள் கலையும் நேரம், கையில் சாத்துக்குடிப் பையோடு சாந்தோம் போனேன். அவளே கதவைத் திறந்தாள். கையில் ஊன்றுகோல். உட்காரச் சொன்னாள். உள்ளே அவள் அம்மா கட்டிலில் படுத்திருந்தார். ஸ்கூலில் உட்கார்ந்து பாடம் நடத்த ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறார்களாம். அடிப்பாதத்தில் இன்னும் உணர்ச்சி இல்லை, செருப்பு கழன்று போனாலும் தெரிவதில்லை, பத்து அடி நடந்த பிறகு பிள்ளைகள் எடுத்துவந்து தருகிறார்கள் என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன். "டீச்சர், அந்தப் பூசணிக்கா நான் ஒடச்சது. போர்டும் என்னுது. போலீஸ்ல நான் சொல்லல."

"தெரியும் அண்ணா. அந்த ஆட்டோக்காரர் சொன்னது கேட்டுச்சு."

"நீங்களும் சொல்லல."

"உங்க கை என் கால் மேல இருந்துச்சு. அப்பறம் என்னன்னு சொல்றது?"

அதோடு விட்டிருந்தால் நான் நிம்மதியாக வந்திருப்பேன். அவள் விடவில்லை. டீச்சர்.

"பூசணிக்கா எல்லாரும்தான் ஒடைக்கிறாங்க. எனக்கு அது கோவமில்ல. நான் விழுந்ததும் நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"'பொம்பளைங்களுக்கெல்லாம் எவன்டா லைசென்ஸ் குடுக்கறான்.' அதான் சொன்னீங்க. அப்பறம் கால் ஈரமா இருக்குன்னு மூணு தடவ சொன்னேன். மூணு தடவயும் பூசணித் தண்ணின்னு சொன்னீங்க. என் காலு, என் ரத்தம், எனக்குத் தெரியாதா? ஒரு தடவ குனிஞ்சு பாத்திருக்கலாம்ல? வண்டியப் பாத்தீங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. பின்பெஞ்சுப் பிள்ளையிடம் கேட்பது போலக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். ஊரில் எல்லோர் மேலும் எனக்குக் கோபம் வரும். செல்போனில் படம் பிடித்தவன் மேல், ஆட்டோக்காரன் மேல், வழி விடாத லாரிக்காரன் மேல். அந்த ஐந்து நிமிஷத்தை நினைத்தால் மட்டும் கோபத்துக்கு நான்தான் அகப்படுகிறேன்.

சாத்துக்குடியை வைத்துவிட்டு வந்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை.

இப்போது என் கடை வாசலில் யார் விழுந்தாலும் வண்டியைத் தொடமாட்டேன். தூக்கமாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து எங்கே வலிக்கிறது, எங்கே ஈரமாக இருக்கிறது என்று கேட்பேன். "வந்துட்டாரு டாக்டரு" என்று டீக்கடைக்காரர் கிண்டல் செய்வார். செய்யட்டும். கடையில் துவைத்த வேஷ்டி ரெண்டு பாலிதீன் பையில் கட்டித் தொங்குகிறது, மாமி கொடுத்தது. ஆட்டோக்காரனோடு பேச்சு இல்லை. அவன் கேட்ட கேள்வி சரியானதுதான். ஆனாலும் பேச மாட்டேன்.

அடுத்த ஆயுத பூஜைக்குப் பூசணிக்காயை ஒரு சாக்குப் பையில் போட்டு, வாயைக் கட்டி, கடைக்குள்ளேயே தரையில் அடித்து உடைத்தேன். சத்தம் கூடச் சரியாக வரவில்லை. மாமி பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்ப்பா, சாக்குக்குள்ள ஒடைச்சா திருஷ்டி எப்படிப் போகும்?"

"போகலன்னா என்னாண்டயே இருக்கட்டும் மாமி."

வெளியே பொத்தென்று சத்தம் கேட்டது. டீக்கடைக்காரர் தன்னுடையதை ரோட்டில் உடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் துடைப்பத்தையும் வாளியையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"யோவ்! திரும்பிப் பாருய்யா!" என்று கத்தினேன்.

அவர் திரும்பவில்லை. நான் பெருக்க ஆரம்பித்தேன்.